சின்ன வக்கீல் ஆபீஸுக்கு ரெண்டு லட்ச ரூபா பிராண்டிங் தேவையா?

நீங்க கேட்டிருக்கறத சுருக்கமா இப்படி எடுத்துக்கறேன். பெங்களூர் சிவாஜிநகர் பக்கத்துல ரெண்டு பேர் சேந்து நடத்தற சின்ன வக்கீல் ஆபீஸ், சொத்துத் தகராறு, பாகப்பிரிவினை, குடும்பக் கோர்ட் கேஸ் எல்லாம் பாக்கறீங்க, இப்ப ஒரு ஏஜென்சிகாரங்க லோகோ, வெப்சைட், கூகுள் விளம்பரம், கட்சிக்காரங்க பாராட்டிப் பேசற வீடியோ, இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்னு எல்லாத்தையும் ஒரே பேக்கேஜா கட்டி ரெண்டு லட்சத்துக்கு கொட்டேஷன் கொடுத்திருக்காங்க, கொடுக்கலாமா வேணாமா, இதுல எது வக்கீல்களோட ஒழுங்கைக் கவனிக்கற பார் கவுன்சில் விதிக்கு ஒத்து வரும்னு. ஆனா கேள்வியோட வால்ல ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, தெரிஞ்சவங்க சொல்லி அனுப்பறவங்க கூட இப்பல்லாம் பாதிப் பேர் போன் பண்றதில்லன்னு, எனக்கு அதான் நிஜக் கேள்வின்னு படுது. முதல் கேள்விக்கு பதில் சின்னது: அந்தப் பேக்கேஜுக்கு பணம் கொடுக்காதீங்க. ரெண்டாவதுக்குத்தான் நீளமா எழுத வேண்டியிருக்கு.

நான் வக்கீல் கிடையாது, பெங்களூர்ல டிசைன் வேலை பாக்கறவன். வக்கீல், ஆடிட்டர், சின்ன கிளினிக் இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் பல வருஷமா வெப்சைட்டும் லெட்டர்ஹெட்டும் பண்ணிட்டு இருக்கேன். அதனால விதியைப் பத்தி நான் சொல்றத ஒரு டிசைனர் வேலைக்காகப் படிச்சு வெச்சதுன்னு எடுத்துக்கோங்க, வக்கீல் விளம்பரத்தைப் பத்தின விதி 36ஐ என்னைவிட நீங்க நல்லாப் படிப்பீங்க. டிசைன், டொமைன் (சைட்டோட விலாசம்), மொபைல்ல ஜனங்க எப்படிப் பாக்கறாங்க இதுலல்லாம் தைரியமா பேசுவேன்.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயம். பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதி 36 நேரடியாவோ மறைமுகமாவோ வேலை தேடி விளம்பரம் பண்றத தடுக்குது, சர்க்குலர், விளம்பரம், புரோக்கர், பேட்டி, தான் நடத்தின கேஸ் சம்பந்தமா பேப்பர்ல படம் வரவைக்கறது வரைக்கும் எல்லாமே அதுல வருது. 2008ல அதைத் திருத்தி வெப்சைட்டுக்கு ஒரு வழி விட்டாங்க, சுப்ரீம் கோர்ட்ல நடந்த ஒரு ரிட் மனுவோட பின்னணியில. அந்தத் திருத்தத்தோட ஒரு அட்டவணை இருக்கு, அதுல உள்ளதுதான் சைட்ல போடலாம்: பேர், விலாசம், போன், ஈமெயில், என்ரோல்மென்ட் நம்பரும் தேதியும், முதல்ல எந்த மாநில பார் கவுன்சில்ல பதிவு பண்ணீங்க, இப்ப எதுல இருக்கீங்க, எந்த வக்கீல் சங்கத்துல உறுப்பினர், படிப்பு, எந்தெந்தப் பிரிவுல பிராக்டிஸ். இதுக்கு மேல எதைச் சேத்தாலும் விதி மீறல்னும், அட்வகேட்ஸ் ஆக்ட் 35ஆம் பிரிவுல ஒழுங்கு நடவடிக்கை வரும்னும் அந்த விதியிலேயே எழுதியிருக்கு. அதுவும் பார் கவுன்சிலுக்குத் தெரிவிச்சு, அவங்க ஒத்துக்கிட்ட பிறகு. நான் வேலை செஞ்ச ஆபீஸ்கள்ல பெரும்பாலானவங்க அந்தத் தெரிவிக்கற வேலையைச் செய்யவே இல்ல, அது வேற கதை.

இந்த அட்டவணையோட உங்க ஏஜென்சி கொட்டேஷன ஒப்பிட்டுப் பாத்தா மூணு வரி அப்படியே அடிபடுது. கூகுள் விளம்பரம் காசு கொடுத்து ஆள் பிடிக்கறது, அதுல சுத்தி வளைக்க ஒண்ணும் இல்ல. கட்சிக்காரங்க "சார் எங்க வீட்டை மீட்டுக் கொடுத்தார்"னு பேசற வீடியோ அதைவிட மோசம், கேஸ், ஆள், ரிசல்ட் மூணும் ஒண்ணா வந்துடுது. ரீல்ஸ்ல நீங்க கோட்டு கவுனோட ஸ்லோமோஷன்ல கோர்ட் படி இறங்கறதும் ஆகாது, 2025 மார்ச்ல பார் கவுன்சில் ஆஃப் இந்தியா ஒரு பத்திரிகைக் குறிப்பே விட்டாங்க, சோஷியல் மீடியா, நடிகர்கள், இன்ஃப்ளூயன்சர் வெச்சு வக்கீல்கள் விளம்பரம் தேடறதக் கண்டிச்சு. அதுக்கு முந்தின வருஷம் ஜூலைல மெட்ராஸ் ஹைகோர்ட், வக்கீல்களை லிஸ்ட் போட்டு ரேட்டிங் கொடுத்து விக்கற ஆன்லைன் தளங்கள் பத்தி ஒரு தீர்ப்புல கடுமையாப் பேசி, அப்படி வேலை தேடற வக்கீல்கள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநில பார் கவுன்சில்களுக்கு சுற்றறிக்கை விடுங்கன்னு உத்தரவு போட்டாங்க. சுற்றறிக்கையும் ஒரு வாரத்துக்குள்ள வந்துச்சு. ஏஜென்சிகாரங்க "எல்லாரும் பண்றாங்க சார்"னு சொல்லுவாங்க. பண்றாங்கதான், ஆனா நோட்டீஸ் வந்தா வர்றது உங்க என்ரோல்மென்ட் நம்பருக்கு, அவங்க ஜிஎஸ்டி நம்பருக்கு இல்ல.

இப்ப சாம்பல் நிற விஷயங்கள், அதாவது சரியா தப்பான்னு தெளிவா இல்லாதது. உங்க போட்டோ போடலாமா? அட்டவணையில போட்டோன்னு ஒரு வார்த்தை இல்ல, ஆனா நாட்டுல பாதி லா ஃபர்ம் சைட்ல போட்டோ இருக்கு. நான் சொல்றது, போடறதா இருந்தா பாஸ்போர்ட் போட்டோ மாதிரி அமைதியா ஒண்ணு, புரொஃபைல் பக்கத்துல மட்டும், கேஸ் பேரோட சேக்காம. கட்டுரை எழுதலாமா? சட்டத்தைப் பொதுவா விளக்கறது ஒண்ணு, "இந்தப் பிரச்சனையா, உடனே கூப்பிடுங்க"ன்னு முடிக்கறது வேற, முதலாவதை நிறைய பேர் தைரியமா செய்யறாங்க, கறாரா அட்டவணையை மட்டும் பிடிச்சுக்கிட்டா அதுவும் வெளியிலதான் நிக்குது. கூகுள் மேப்ல லிஸ்டிங் வெக்கறதுல விலாசம், போன், நேரம் மட்டும் இருக்கறவரை பெயர்ப்பலகைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல. ஆனா அதுல ரிவ்யூ வரும், அத நீங்க நிறுத்த முடியாது. தானா வர்றது வரட்டும், கேஸ் முடிஞ்ச கட்சிக்காரருக்கு லிங்க் அனுப்பி அஞ்சு ஸ்டார் போடுங்கன்னு கேக்காதீங்க, பதில் எழுதறேன்னு ஒருத்தரோட கேஸ் விவரத்தப் பொதுவுல போட்டுடவும் போட்டுடாதீங்க.

இன்னொண்ணு, சைட்டைத் தொறந்ததும் முகத்துல அறையற மாதிரி ஒரு பெட்டி வருமே, "நான் என் சொந்த விருப்பத்துல இந்தத் தகவலைத் தேடி வந்தேன், ஒத்துக்கறேன்"னு. அதை விதியே கட்டாயப்படுத்துதுன்னு பல டிசைனர்கள் நம்பிட்டு இருக்காங்க, விதி 36லயும் அந்த அட்டவணையிலயும் அப்படி ஒரு பெட்டியைப் பத்தி எதுவும் இல்ல, பெரிய ஃபர்ம்கள் பாதுகாப்புக்கு ஆரம்பிச்சு வழக்கமாயிடுச்சு. வெச்சுக்கறதுல தப்பில்ல. ஆனா உள்ள கேஸ் ஜெயிச்ச கதையும் "நம்பர் ஒன்"னும் எழுதிட்டு வாசல்ல இந்தப் பெட்டியை வெச்சா அது எதையும் காப்பாத்தாது. வெக்கறதா இருந்தா நாலு வரியில, மொபைல்ல ஒரே தட்டுல மூடற மாதிரி வெச்சுக்கோங்க, போன் நம்பரை மறைக்காம.

சரி, உங்க நிஜக் கேள்வி. ரெஃபரன்ஸ்ல வர்றவங்க ஏன் போன் பண்றதில்ல? ஒரு காலத்துல மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ நம்பரைக் கொடுத்தா நேரா போன் வரும். இப்ப நம்பரை வாங்கினவர் ராத்திரி சாப்பிட்டு படுத்துக்கிட்டு போன்ல உங்க பேரைத் தட்டிப் பாக்கறார், வரன் வந்தா பையனைப் பத்தி நாலு இடத்துல விசாரிப்பாங்களே, அந்த மாதிரி. அவர் வக்கீல் தேடல, வக்கீல் ஏற்கனவே கிடைச்சாச்சு. இந்த ஆள் நிஜமா இருக்காரா, இதே பேர்தானா, ஆபீஸ் எங்க, சொத்து கேஸ் பாப்பாரா, எத்தனை வருஷமா இருக்கார், இவ்வளவுதான் அவருக்குத் தெரியணும். உங்க பேரைத் தட்டினா ஒண்ணும் வரலன்னாலோ, வேற ஊர்ல அதே பேர்ல இருக்கற இன்னொரு வக்கீல் வந்தாலோ, மூடி வெச்சுடறார். உங்ககிட்ட வந்து நான் கூப்பிடலன்னு யாரும் சொல்லப் போறதில்ல, அதனாலதான் காரணம் தெரியாம இருக்கீங்க. கவனிச்சீங்கன்னா இந்த மனுஷனுக்கு வேண்டிய அத்தனையும் அந்த 2008 அட்டவணைக்குள்ளயே இருக்கு. அதனால விதி நம்மள கட்டிப் போடுதுன்னு ஏஜென்சிகாரங்க புலம்பறத நான் பெருசா எடுத்துக்கறதில்ல. முன்பின் தெரியாதவங்கள இழுக்கறதுதான் தடை, பேர் கேட்டு வந்தவருக்கு ஆமா நான்தான்னு காட்டறதுக்குத் தடையே இல்ல, சின்ன ஆபீஸுக்கு வேலை வர்றதும் இந்த ரெண்டாவது வழியிலதான்.

அப்போ முதல் வேலை பேர். நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு தனி வியாதி உண்டு, இனிஷியல். என்ரோல்மென்ட் சர்டிபிகேட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல அப்பா பேர் முழுசா பின்னாடி, விசிட்டிங் கார்டுல இனிஷியலே இல்ல, கூகுள் மேப்ல "அண்ட் அசோசியேட்ஸ்"னு வேற, இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல ஒரு எச் சில இடத்துல இருக்கும் சில இடத்துல இருக்காது. மனுஷங்களுக்குப் புரிஞ்சாலும் கூகுளுக்கு இது மூணு தனித்தனி ஆள். ஒரு வடிவம் முடிவு பண்ணுங்க, முடிஞ்சா என்ரோல்மென்ட்ல இருக்கறதே, அதை போர்டு, கார்டு, லெட்டர்ஹெட், மேப், சைட், வாட்ஸ்அப் புரொஃபைல் எல்லாத்துலயும் ஒரே மாதிரி போடுங்க. பிராண்டிங்னு நான் காசு வாங்கறதுல பாதி வேலை இதான், சொல்லிட்டா யாரும் காசு கொடுக்க மாட்டாங்க, பரவாயில்ல. உங்கள்ல யாராவது சென்னையில என்ரோல் ஆகி அப்புறம் பதிவை கர்நாடகாவுக்கு மாத்தியிருந்தா ரெண்டு கவுன்சில் பேரையும் எழுதுங்க. அட்டவணை அதைத்தான் கேக்குது. அதோட ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் பக்கம் நிலத்தை வெச்சுக்கிட்டு அல்சூர்லயும் ஸ்ரீராமபுரத்துலயும் குடியிருக்கற குடும்பங்களுக்கு, இவர் ரெண்டு மாநிலப் பத்திரமும் படிப்பார்ங்கறது அந்த ஒரு வரியிலயே புரிஞ்சுடும், நீங்க பெருமையா எதுவும் சொல்லிக்க வேண்டியதில்ல.

அடுத்தது நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு எழுதற பக்கம். இதுல ஒரு கண்ணி இருக்கு. விதி 36லயே பெயர்ப்பலகை, லெட்டர்ஹெட் பத்தி சொல்றப்ப, குறிப்பிட்ட வேலையில ஸ்பெஷலிஸ்ட்னு போடக் கூடாதுன்னு இருக்கு, முன்னாள் ஜட்ஜ், முன்னாள் அட்வகேட் ஜெனரல், சங்கத் தலைவர்னும் போடக் கூடாது, போர்டே நியாயமான அளவுலதான் இருக்கணும். ஆனா வெப்சைட் அட்டவணை பிராக்டிஸ் பிரிவுகளை எழுத விடுது. அதனால "பாகப்பிரிவினை வழக்குகள்"னு எழுதலாம், "பாகப்பிரிவினை நிபுணர்"னு எழுதக் கூடாது. முன்னணி, தலைசிறந்த, நம்பிக்கையான, கேஸ் ஜெயிக்கற சதவீதம், இந்த வார்த்தைகள ஏஜென்சியோட காப்பிரைட்டர் கட்டாயம் போடுவார், ஒண்ணொண்ணா வெட்டுங்க. வெட்டினா பக்கம் காலியாயிடுமேன்னு பயப்படாதீங்க, பிரிவுக்குக் கீழ அது எந்த கோர்ட்ல நடக்கும்ங்கற மாதிரி வெறும் தகவலா ஒரு வரி இருந்தாலே பக்கம் நிறைஞ்சுடும்.

இதுல ரொம்பப் பேர் கோட்டை விடற இடம் பழைய தகவல். 2024 ஜூலை 1ல இருந்து ஐபிசி போயி பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு, சிஆர்பிசி இடத்துல பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஆனா இன்னிக்கும் எத்தனையோ குடும்ப வக்கீல் சைட்ல "498ஏ (புருஷன் வீட்டுக் கொடுமை), சிஆர்பிசி 125 ஜீவனாம்சம்"னு மட்டும் எழுதியிருக்கு. ஜனங்க வாயில இன்னும் 498ஏதான் வருது, அதனால பழைய நம்பரும் இருக்கட்டும், ஆனா பக்கத்துலயே புதுசும் இருக்கணும், 498ஏக்கு 85, 86னும் ஜீவனாம்சத்துக்கு 144னும். அதே மாதிரி சொத்துப் பக்கத்துல பிபிஎம்பி (பழைய பெங்களூர் மாநகராட்சி) காத்தா, அதாவது சொத்துப் பதிவுன்னு மட்டும் இருந்தா, 2025 செப்டம்பர்ல பிபிஎம்பி போயி கிரேட்டர் பெங்களூர் அதாரிட்டிக்குக் கீழ அஞ்சு கார்ப்பரேஷன் ஆனது இவருக்குத் தெரியுமான்னு படிக்கறவருக்கு சந்தேகம் வரும். வருஷத்துக்கு ரெண்டு தடவை உக்காந்து பாக்க நேரம் இல்லன்னா கட்டுரைப் பகுதியே வேணாம். 2019ல நின்னுபோன பிளாக் இருக்கற சைட்டைப் பாத்தா ஆபீஸ் மூடிட்டாங்களோன்னு தோணும்.

மொழி விஷயம். உங்க வேலைக்கு இங்கிலீஷ், கன்னடம், தமிழ் மூணும் வேணும். எங்களுக்கு மூணு மொழி தெரியும்னு பட்டியல் போடறதுக்குப் பதிலா மூணு மொழியிலயும் பக்கம் வெச்சுட்டா போதும். தமிழ்ப் பக்கத்த மெஷின்ல மொழிபெயர்க்காதீங்க, உங்க ஜூனியர் ஒருத்தரக் கட்சிக்காரர் மாதிரி எதிர்ல உக்கார வெச்சு நீங்க பேசுங்க, ரெக்கார்ட் பண்ணி அதையே எழுதுங்க, விற்பனை ஒப்பந்தம், செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம்னு ஜனங்க சொல்ற வார்த்தையே வரும். கன்னடத்துக்கும் அதே, உங்க குமாஸ்தா கன்னடக்காரரா இருந்தா அவரக் கேளுங்க. எழுத்துருல நான் இப்ப நிறைய பயன்படுத்தறது மும்பைல இருக்கற எக் டைப்காரங்க செஞ்ச அனெக், தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணும் ஒரே குடும்பமா வரும், இலவசம், லைசென்ஸ் பிரச்சனை கிடையாது. தனித்தனி எழுத்துரு போட்டா கன்னடம் குண்டாவும் தமிழ் ஒல்லியாவும் தெரியும், ஏதோ ஒரு மொழிக்காரருக்கு இது நமக்கில்லன்னு தோணிடும். போர்டு விஷயம் கொஞ்சம் வேற. கர்நாடகாவுல 2024ல வந்த கன்னட மொழிச் சட்டத் திருத்தத்துல வணிக நிறுவனங்களோட போர்டுல 60% கன்னடம் இருக்கணும். வக்கீல் ஆபீஸ் வணிக நிறுவனமாங்கறதுல சுப்ரீம் கோர்ட் 1984லயே ஒரு கேரளா கேஸ்ல கடை நிறுவனச் சட்டத்துக்கு அது வராதுன்னு சொல்லியிருக்கு, அந்த வாதம் இந்த போர்டு சட்டத்துக்குப் பொருந்துமான்னு நீங்கதான் வாதாடணும். டிசைனரா நான் சொல்றது வாதாடாதீங்க, மேல பெருசா கன்னடம் எழுதிடுங்க, கீழ இங்கிலீஷ், அழகாவும் இருக்கும், தெருவுல தொல்லையும் இல்ல.

லோகோ. தராசு, சுத்தியல், கண்ணு கட்டின அம்மா, ரோமானியத் தூண், இந்த நாலுல ஒண்ணு இல்லாம வக்கீல் லோகோ பண்ணத் தெரியாதவங்கதான் ஏஜென்சியில அதிகம். சுத்தியலை நான் போன எந்த கோர்ட் ஹால்லயும் ஜட்ஜ் கையில பாத்ததில்ல, அது சினிமாவுலதான் தட்டறாங்க. நீதி தேவதையோட கண்கட்டையே சுப்ரீம் கோர்ட் லைப்ரரில வெச்ச புது சிலையில எடுத்துட்டாங்க, 2024 அக்டோபர்ல அது செய்தியாச்சு, கத்திக்குப் பதிலா கையில அரசியல் சாசனம். பெங்களூர்க்காரங்க சைட்ல இன்னொரு வேடிக்கை, முதல் பக்கத்துல சட்டசபை இருக்கற விதான சௌதா போட்டோ இருக்கும், ஆனா ஹைகோர்ட் அதுக்கு எதிர்ல இருக்கற சிவப்புக் கட்டடம்! சிங்க முத்திரையத் தொடவே தொடாதீங்க, நாலு சிங்கம் அரசு சின்னம், 2005ல அதுக்குன்னே தனிச் சட்டம் இருக்கு, வக்கீல் லெட்டர்ஹெட்ல அதப் பாத்தா எனக்கே பக்குன்னு இருக்கும். உங்க ரெண்டு பேரோட பேரையும் நல்ல எழுத்துல, சரியான இடைவெளியில எழுதினா அதுவே லோகோ. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்ல தெளிவா வருதான்னு மட்டும் பாருங்க, ஏன்னா உங்க லோகோவ அதிகம் பேர் பாக்கப் போறது ஜெராக்ஸ்லதான்.

அதாவது உங்க பிராண்ட் அதிகம் பயணம் போறது லீகல் நோட்டீஸ்ல. வெப்சைட்டுக்கு மாசம் நூறு பேர் வந்தா அதிகம், ஆனா நீங்க அனுப்பற ஒவ்வொரு நோட்டீஸையும் எதிர்த் தரப்புக்காரர், அவர் சம்சாரம், அவர் வக்கீல், அவர் அண்ணன்னு நாலு பேர் உத்துப் படிக்கறாங்க. (2025ல ரிஜிஸ்டர்ட் போஸ்ட் ஸ்பீட் போஸ்டோட சேந்துடுச்சே, உங்க நோட்டீஸ் டெம்ப்ளேட்ல அந்த வரியை மாத்தியாச்சான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.) காசு செலவு பண்ற மாதிரி இருந்தா நான் முதல்ல இங்கதான் பண்ணுவேன்: நோட்டீஸ், ஃபீஸ் ரசீது, கேஸ் கட்டு அட்டை, கட்சிக்காரருக்கு அனுப்பற "அடுத்த வாய்தா இந்தத் தேதி" மெசேஜ், எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஒரு வேர்ட் டெம்ப்ளேட். அந்த வாய்தா மெசேஜ் ஒழுங்கா போற ஆபீஸுக்கு ரெஃபரன்ஸ் எப்படி வருதுன்னு நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், எந்த லோகோவும் கிட்ட வராது.

காண்டாக்ட் ஃபார்ம் பத்தி எல்லாரும் அலட்சியமா இருக்காங்க, அது ஆபத்தான இடம். "உங்கள் பிரச்சனையை விவரமாக எழுதவும்"னு ஒரு பெரிய பெட்டி வெச்சா ஜனங்க மனசுல உள்ள அத்தனையும் கொட்டிடுவாங்க. நீங்க புருஷனோட கேஸ் பாத்துக்கிட்டு இருக்கறப்ப பொண்டாட்டி அந்தப் பெட்டியில தன் பக்கத்தை முழுசா எழுதி அனுப்பிட்டா என்ன பண்ணுவீங்க? அத்தோட அந்த மெயில் போற வழியில உங்க டிசைனர், சைட்டை வெச்சிருக்கற ஹோஸ்டிங் கம்பெனி எல்லாரும் படிக்கலாம். பேர், போன், எந்த மாதிரி விஷயம், எதிர்த் தரப்பு பேர், எப்ப கூப்பிடலாம், அஞ்சு கட்டம் போதும், விவரம் இங்க எழுத வேணாம்னு மேலயே போட்டுடுங்க. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம் வேற இருக்கு, எவ்வளவு குறைவா வாங்கறீங்களோ அவ்வளவு நிம்மதி. சொல்லப் போனா ஃபார்மே இல்லாம போன் நம்பர், வாட்ஸ்அப் நம்பர், ஈமெயில் மட்டும் வெச்சாலும் ஒண்ணும் கெட்டுடாது. பகல்ல கோர்ட்ல இருப்போம், சாயந்திரம் ஆறு மணிக்கு மேல கூப்பிடுங்கன்னு ஒரு வரி போடுங்க, மத்தியானம் கூப்பிட்டு எடுக்கலன்னதும் விட்டுடற ஆளுங்கள அந்த ஒரு வரி காப்பாத்தும்.

டெக்னிக்கல் சமாச்சாரம் வேகமா சொல்லிடறேன். டொமைன் உங்க பேர்ல, உங்க ஈமெயில்ல, உங்க கார்டுல வாங்குங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆபீஸ்ல பழைய டிசைனர் தன் பேர்ல வாங்கி வெச்சுட்டு ஊரை விட்டே போயிட்டார், புதுப்பிக்க ஆள் இல்லாம டொமைன் கைவிட்டுப் போயி, கொஞ்ச நாள்ல அந்த விலாசத்துல ஏதோ சூதாட்டப் பக்கம் வந்துச்சு, விசிட்டிங் கார்டு எல்லாத்துலயும் அச்சடிச்சது அந்த விலாசம். டாட் இன் டொமைன் வருஷத்துக்கு சுமார் ஆயிரம் ரூபாதான், நாலஞ்சு வருஷத்துக்கு சேத்துக் கட்டிடுங்க. அந்த டொமைன்லயே ஈமெயில் வெச்சுக்கோங்க, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மூணு செட்டிங் இருக்கு, அத டிசைனர் சரியாப் போட்டாரான்னு கேளுங்க, இல்லன்னா உங்க மெயில் ஸ்பேம்ல விழும், உங்க பேர்ல வேற எவனாவது மெயிலும் அனுப்புவான். சைட்ல வீடியோ, ஸ்லைடர், உருள்ற எண்கள் எதுவும் வேணாம், நல்லா இருக்கற சைட்டுக்கு கூகுள் வெச்சிருக்கற அளவே பக்கத்தோட பெரிய பகுதி ரெண்டரை செகண்டுக்குள்ள தெரியணும்ங்கறதுதான், நாலு பக்கம் எழுத்து மட்டும்னா சாதா ஹோஸ்டிங்லயே அது வந்துடும். சாம்பல் எழுத்த வெள்ளைல போடறது இப்ப ஃபேஷன், உங்க கட்சிக்காரங்கள்ல பாதிப் பேர் அம்பது வயசுக்கு மேல, கறுப்புல பெருசாப் போடுங்க.

பணம்னு வந்தா, நாலஞ்சு பக்கம், மூணு மொழி, டெம்ப்ளேட்கள், போர்டு டிசைன் எல்லாம் சேத்து இந்த ஊர்ல ஒழுங்கா வேலை செய்யற ஒரு தனி டிசைனர் நாப்பதுல இருந்து எழுபதாயிரம் வரைக்கும் கேக்கலாம், நானும் அந்தக் கணக்குலதான் வாங்கறேன், ஆளப் பொறுத்து மாறும். மாசாமாசம் எஸ்இஓன்னு (கூகுள் தேடல்ல முன்னாடி வர வைக்கற வேலை) ஒரு தொகை போட்டிருப்பாங்க, அது வேணாம். "பெங்களூர் விவாகரத்து வக்கீல்"னு தேடினா முதல்ல வர வைக்கறேன்னு யாராவது உத்தரவாதம் கொடுத்தா, கூகுள் யாருக்கும் அப்படி உத்தரவாதம் கொடுக்கறதில்லன்னு அவங்களுக்கே தெரியும். உங்களுக்கு வேண்டியது உங்க பேரைத் தேடினா நீங்க வரணும், அதுக்கு பேரும் விலாசமும் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கறதே பெரும்பாலும் போதும், நீங்க ரெண்டு பேரும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து சரி பண்ணிடலாம்.

அந்த ஏஜென்சியோடயே போகணும்னு இருந்தா கொட்டேஷன்ல இருந்து விளம்பரம், வீடியோ, ரீல்ஸ், எஸ்இஓ நாலையும் எடுத்துட்டு மிச்சத்துக்கு புது விலை கேளுங்க. டொமைன், ஹோஸ்டிங், கூகுள் மேப் லாகின் எல்லாம் முதல் நாளே உங்க கைல வரணும்னும், எழுத்து நீங்கதான் கொடுப்பீங்க, அவங்க ஒரு வார்த்தை சேக்கக் கூடாதுன்னும் எழுதி வாங்குங்க. சைட் வெளியிடறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கத்தையும் பிடிஎஃப்பா எடுத்து, ஒரு கடிதத்தோட பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு அனுப்புங்க, மாநில கவுன்சிலுக்கும் ஒரு காப்பி. அந்தக் கடிதத்துக்கு பதில் எப்ப வரும், வருமாங்கறதெல்லாம் உங்க சீனியர்கள்கிட்ட கேட்டுக்கோங்க, அனுப்பினதுக்கு அத்தாட்சிய மட்டும் பத்திரமா ஃபைல்ல வெச்சுக்கோங்க.